கணிப்பு தீர்ப்பன்று

மாரடைப்பிலிருந்து பிழைத்து இல்லம் திரும்பியவரின் உள்ளத்திலும், அவர் மனைவி மக்களின் உள்ளத்திலும் ஒரே கேள்வி ஓயாமல் எழுகின்றது: "மறுபடியும் வருமோ?" வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் இக்கேள்விக்கு மருத்துவ உலகம் இன்று ஓரளவு விடை கூறுகின்றது. அதனை இம்மாதம் நாம் சிந்திப்போம்.

முன்னரே மாரடைப்புக் கண்ட ஏறத்தாழ 8,600 பேரின் பதிவுகளைக் கொண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் எளிய கணக்கொன்றை வெளியிட்டனர். அதில் குறிகள் ஒன்பது: 75 வயதை எட்டியிருத்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், இதயத்தின் உந்துசக்தி குன்றியிருத்தல், முன்னர் பக்கவாதம் கண்டிருத்தல், பைபாஸ் அறுவை செய்துகொண்டிருத்தல், கால் முதலிய உறுப்புகளின் இரத்தக் குழாய்கள் அடைபட்டிருத்தல், சிறுநீரகத்தின் திறன் குறைந்திருத்தல். குறி ஒன்றுக்கு மதிப்பெண் ஒன்று. ஒரு குறியும் இல்லாதவர்களுள் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கே மூன்றாண்டுகளுக்குள் மாரடைப்போ, பக்கவாதமோ, இதய நோயால் மரணமோ நேர்ந்தது. ஏழும் அதற்கு மேலும் பெற்றவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நேர்ந்தது.

இவ்வெண்ணைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. நூறு பேரில் எத்தனை பேர் என்று அது சொல்லுமேயன்றி, அவர் யார் யார் என்று சொல்லாது. ஆதலின் மதிப்பெண் மிகுந்தவர் நம்பிக்கை இழத்தலும் தவறு. குறைந்தவர் அசட்டையாய் இருத்தலும் தவறு.

வயதையும் கடந்துபோன நோயையும் எவரும் மாற்றவியலாது. ஆனால் புகைப்பழக்கம் என்னும் குறியை நோயாளி தாமே அழித்துவிடலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கலாம். அக்கணக்கில் சேராத மருந்தின் பயனும் உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மாத்திரை உட்கொண்டவர்களிடையே மரணங்கள், அதனை உட்கொள்ளாதவர்களைக் காட்டிலும் 30 விழுக்காடு குறைந்திருந்தன.

எனினும் நம் இல்லங்களில் நிகழ்வதென்ன? ஆறு மாதங்கள் கழிந்ததும், "வலிதான் இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுவோர் உண்டு. இரத்தக் குழாயினுள் கொழுப்புப் படிவது வலியைத் தருவதில்லை. வலி தோன்றும்போது காலம் கடந்திருக்கும். மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தலாகாது.

இங்கேதான் குடும்பத்தின் கடமை தொடங்குகிறது. மாத்திரை வேளையை நினைவூட்டுதல், உப்பையும் எண்ணெயையும் அனைவருக்குமாகக் குறைத்துச் சமைத்தல், வீட்டினுள் எவரும் புகைக்காதிருத்தல், மருத்துவர் அனுமதிக்கும் அளவில் மாலை நடைக்குத் துணை செல்லுதல் ஆகியவை நம்மால் இயலாதனவல்ல. நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் தோன்றினால் வாயு என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லுங்கால், "எனக்கு எத்தனை குறிகள் உள்ளன? அவற்றுள் எவற்றைக் குறைக்கலாம்?" என்று தயங்காது கேளுங்கள். அச்சத்தை உள்ளே பூட்டி வைப்பதினும், விடையறிந்து செயற்படுதலே அந்த இதயத்திற்கும் அதனை நம்பி வாழும் இல்லத்திற்கும் நலம் பயக்கும்.