பெயருக்கா காசு, மருந்துக்கா?

பால் வெட்டிச் சேர்த்த காசு கரைகிறதென்று இரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் தோழர்கள் உண்டு. அது உயிருக்கே உலை. நாம் சொல்வது வேறு வழி.

'நோர்வாஸ்க்' மாத்திரையில் வேலை செய்யும் மருந்து அம்லோடிபின். காப்புரிமை முடிந்தபின் அதே மருந்தைப் பல கம்பெனிகள் வேறு பெயரில் மலிவாக விற்கின்றன. விலைதான் குறைவு, குணம் குறைவன்று. பெட்டியில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் அரசாங்கப் பதிவு எண்ணைப் பாருங்கள்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் விலையைக் காட்டியாக வேண்டும். "இதே மருந்து மலிவாக உண்டா?" என்று டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள். அவரைக் கேளாமல் மாற்றாதீர்கள். எழுத்தறியாத தோழருக்குக் கிராணிமார் பெட்டியைப் படித்துச் சொல்லட்டும். அதுவும் சங்கப் பணியே!