மோட்டாரைத் தூங்க வைக்கும் பக்குவம்



ஓடுகிற வண்டிதான் தேயும், சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் அண்டை வீட்டில் நடந்த சம்பவம் என் எண்ணத்தை மாற்றியது.

அந்த வீட்டுப் பையன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஊருக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று ஒரு கப்சாய் மோட்டாரை வீட்டில் வைத்திருந்தான். 2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வேலையை இழக்க மனமில்லாமல் அவன் அங்கேயே தங்கிவிட்டான். ஜொகூர் பாலத்தில் மக்கள் பழையபடி போய்வர 2022 ஏப்ரல் 1ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகள்!

அவனுடைய அப்பா பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். மகனின் வண்டி கெட்டுவிடக் கூடாதென்று வாரம் தவறாமல் அதைக் கிளப்பி, ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவார். மழை படாதபடி பிளாஸ்டிக் விரிப்பால் இறுகக் கட்டியும் வைத்தார். சில மாதங்களில் பேட்டரி செத்தது. பிறகு உதைத்தும் கிளம்பவில்லை. அப்படியே விட்டுவிட்டார். மகன் வந்து உதைத்தபோது கிக்கர் இறங்கவே இல்லை. பட்டறையில் பிரித்துப் பார்த்தால், சிலிண்டர் துருவேறி, பிஸ்டன் அதோடு ஒட்டிக் கிடந்தது.

“பிள்ளையப் போலத்தானே பார்த்துக்கிட்டேன், வாத்தியாரே!” என்று பெரியவர் கலங்கிப் போனார்.

அவர் அன்பில் குறையில்லை, முறையில்தான் குறை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் எஞ்சின் சூடேறி, அந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் சூடு போதாது. நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கித் துருவாகிறது. பிளாஸ்டிக் விரிப்பும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோலோ, மாதக்கணக்கில் ஆவியாகி, கடைசியில் பிசினாகி, ஊசிமுனை போன்ற துவாரங்களை அடைத்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? வண்டி மூன்று நான்கு வாரம்தான் நிற்கும் என்றால், வாரம் ஒருமுறை இருபது நிமிடம் சாலையில் ஓட்டினாலே போதும். தமிழ்நாட்டுக்கு நெடும்பயணம், வெளியூர் வேலை, மகள் பேறுகாலம் என்று மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால், ஒரு பிற்பகலை அதற்காக ஒதுக்குங்கள்.

முதலில், பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிப் போய்த் தொட்டியை நிரப்பி வாருங்கள். தொட்டி பாதியாக இருந்தால், மேலே உள்ள காற்றின் ஈரம் இரும்பில் படிந்து துருப்பிடிக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஊற்றுங்கள். பழைய எண்ணெயில் அமிலமும் நீரும் கலந்திருக்கும். கப்சாய்க்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்து, வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் வைத்து, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் வற்றியதும் தானே நின்றுவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, மிச்சத்தை ஒரு டின்னில் பிடியுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் அடுப்பும் கூடாது. கார்புரேட்டர் இல்லாத புது வகை வண்டியென்றால், இதை விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் நிரப்பி வையுங்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விடுங்கள். சாவி மூடியே இருக்கட்டும். நாலைந்து முறை மெதுவாக உதைத்தால் எண்ணெய் சிலிண்டர் சுவரெல்லாம் பரவும். பிளக்கை மீண்டும் பூட்டிவிடுங்கள். பெரியவரின் வண்டிக்குக் கிடைக்காமல் போனது இந்த ஒரு கரண்டி எண்ணெய்தான்!

புகைக்குழாயின் வாயைச் சிவப்புத் துணியால் அடையுங்கள். குளவி கூடு கட்டாது. சிவப்பாக இருந்தால் எடுக்கவும் மறக்காது. பேட்டரியைக் கழற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். சங்கிலிக்கு எண்ணெயிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பழைய போர்வையால் மூடுங்கள். உரமூட்டை, பால் உறையவைக்கும் ஆசிட் இவற்றின் அருகே நிறுத்தவே வேண்டாம். அவற்றின் நெடியே இரும்பைத் தின்றுவிடும்.

திரும்பி வந்ததும் அவசரப்பட்டு உதைக்காதீர்கள். துணியை எடுங்கள். சாவி போடாமல் பிளக்கைக் கழற்றி நாலு உதை உதைத்து, மிஞ்சிய எண்ணெயை வெளியேற்றுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் பெட்ரோலையும் மாற்றிவிடுங்கள். பழையதைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையில் கொடுங்கள். டயரின் காற்றையும் பிரேக்கையும் பாருங்கள். கிளம்பியதும் சற்று நேரம் நீலப்புகை வரும், பயப்பட வேண்டாம். உள்ளே விட்ட எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான்.

ஜப்பானில் 1958இல் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வம்சம்தான் நம் கப்சாய். 2017க்குள் உலகில் 10 கோடி சூப்பர் கப் வண்டிகள் உற்பத்தியாகியிருந்தன. இன்று அலோர் காஜாவிலும் ஜாசினிலும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன குடும்பங்களுக்கு அதுதான் கால். வேலைக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் அதை நம்பித்தான் போகிறோம். கால் முடங்கினால் வருமானமும் முடங்கும்.

பட்டறையில் சரிசெய்த அந்த வண்டியை, பையன் மறுபடி சிங்கப்பூர் புறப்பட்டபோது, பெரியவரும் நானும் சேர்ந்து இப்படித்தான் தூங்க வைத்தோம். எட்டு மாதம் கழித்து வந்தான். மூன்றாவது உதையில் வண்டி கண்விழித்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சிவப்புத் துணியை மடித்துப் பத்திரமாக அலமாரியில் வைத்தார்.