விதியின் தலையில் ஒரு வீண்பழி

“அவர் விதி முடிந்தது!” என்றனர். ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்றனர். ஆண்டவனும் விதியும் சேர்ந்தா அன்று ஹெலிகாப்டரை ஓட்டினர்? கேட்டால், துக்க வீட்டில் தர்க்கமா என்பர். ஆம், தோழர்களே, துக்கத்தை உண்டாக்கியது எது என்று துக்க வீட்டில்தான் கேட்டாக வேண்டும்!

மலையாளத் திரையின் மாவீரராகப் போற்றப்பட்ட ஜெயனைத்தான் சொல்கிறேன். கொல்லத்திலே பிறந்த கிருஷ்ணன் நாயர், கடற்படையிலே பணிபுரிந்தவர். 1974-ல் ‘சாபமோட்சம்’ படத்தில் சிறு வேடம், பிறகு வில்லன், 1979-ல் ‘சரபஞ்சரம்’ வந்ததும் நாயகன்! ஆறே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஆபத்தான காட்சியா, மாற்றாள் வேண்டாம், நானே செய்கிறேன் என்பார். கொட்டகை அதிரும். அந்தக் கைதட்டலே அவருக்குக் கட்டளையாயிற்று.

1980 நவம்பர் 16. சென்னைக்கு வடக்கே சோழவரம். மோட்டார் பந்தயங்கள் நடந்த பழைய விமானத்தளம். ‘கோளிளக்கம்’ படத்தின் உச்சக் காட்சி. ஓடும் மோட்டார் சைக்கிளின் மீது எழுந்து நின்று, மேலே பறக்கும் ஹெலிகாப்டரின் அடிச்சட்டத்தைப் பற்றித் தொங்கவேண்டும். எடுத்த காட்சி இயக்குநருக்கு நிறைவளித்தும், இன்னொருமுறை எடுக்கலாம் என்றவர் ஜெயனே என்பர். இருக்கட்டும். நடிகன் கேட்டால் கொடுத்துவிடுவதா? குழந்தை நெருப்பைக் கேட்டால் கொடுப்போமா?

ஹெலிகாப்டருக்குச் சாத்திரம் தெரியாது, எடை தெரியும். ஒரு பக்கத்துச் சட்டத்திலே ஆள் தொங்கினால் ஊர்தி அப்பக்கமாகச் சாயும். ஓட்டுபவர் அதைச் சரிசெய்ய உயரமும் நேரமும் தேவை. தரையை ஒட்டிப் பறக்கையிலே இரண்டும் ஏது? நிலைதடுமாறி விழுந்தது. உள்ளே இருந்தோர் பிழைத்தனர். வெளியே தொங்கியவர் மாண்டார். வயது 41.

படம் நின்றதா? இல்லை! ஜெயனுக்கு ஆலப்பி அஷ்ரப் குரல் கொடுக்க, 1981-ல் திரைக்கு வந்தது. ரசிகர் சிலரோ, ஜெயன் சாகவில்லை, அமெரிக்காவிலே இருக்கிறார் என்ற வதந்தியை நம்பினர். மாண்டவரை மனிதராக எண்ணியிருந்தால், மாண்டது எப்படி என்றல்லவா கேட்டிருப்பர்? தெய்வமாக்கினர், தெய்வத்துக்கு ஏது மரண விசாரணை!

நட்சத்திரத்துக்கு வதந்தியாவது மிஞ்சிற்று. முகமே காட்டாமல் மடியும் சண்டைக் கலைஞனுக்கு? கன்னட நாட்டிலே 2016 நவம்பரில், திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்த மூவரில் நாயகன் கரையேறினார். மற்ற இருவர் மூழ்கினர். மிதவையங்கியின்றிக் குதித்தவர்கள்! தமிழகத்திலே மட்டும் என்ன வாழ்கிறது? 2022 டிசம்பரில் கயிறு அறுந்து ஒருவர். 2024 ஜூலையில் ஏறத்தாழ 20 அடி உயரத்திலிருந்து விழுந்து ஒருவர். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்திலே கார் கவிழும் காட்சியில் ஒருவர்.

தொடக்க நாளிலே பூசை போடுகிறார்கள். காமிராவுக்குக் கற்பூரம், முடிவு நாளிலே பூசணிக்காய். எலுமிச்சம்பழம் வாங்க மறந்ததாக ஒரு படப்பிடிப்பைச் சொல்லுங்கள்! கயிற்றின் வலிமையைச் சோதித்துக் கையொப்பமிட்டவர் யாரென்று கேளுங்கள், விழிப்பார்கள்.

இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் 2017-ல் சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு கிடைக்க உதவினார். நல்ல உள்ளம், பாராட்டுவோம். ஆயினும், உயிருக்கு ஊதியம் பேசும் முதலாளி தரவேண்டியதை இன்னொரு நடிகரின் இரக்கமா தருவது? இரக்கம் இன்று வரும், நாளை வராது. ஒப்பந்தத்திலே எழுதப்பட்ட உரிமையானால் நீதிமன்றத்திலே நின்று கேட்கலாம்.

கட்-அவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞனே, முதற்காட்சி நாளிலே உன் நட்சத்திரத்திடம் ஒன்று கேள்: உனக்காகக் குதித்தவன் பெயர் என்ன? அவன் இடுப்பிலே கட்டிய கயிற்றைச் சோதித்தவர் யார்? அவன் விழுந்திருந்தால் அவன் வீட்டுக்கு எவ்வளவு என்று எந்தத் தாளிலே எழுதியிருக்கிறது?