இன்கமிங் நிற்கக் கூடாது

மதுரை எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் போர்டில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அர்ஜென்ட், லைட்னிங், பி.பி. கால் என்று வெளியூர் அழைப்பைப் பதிந்துவிட்டு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கிடைத்த மூன்று நிமிடத்தில் கல்யாணத்தையும் சாவையும் பேசி முடித்தார்கள். அதனாலோ என்னவோ, 2020 ஊரடங்கில் பிள்ளைகள் பழக்கிவிட்ட வீடியோ காலில் எனக்கு மனசு ஒட்டவில்லை. 'தெரியுதா, கேக்குதா' என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடும்.

எங்களைக் காப்பாற்றியது கான்ஃபரன்ஸ் கால். அதற்கு இன்டர்நெட் வேண்டாம், பட்டன் போன் போதும். தேனிப் பக்கம் தனியாக இருக்கும் அக்கா, தூத்துக்குடித் தங்கை, நான். சாயங்காலமானால் பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது நடத்தியதைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது, விதியெல்லாம் அத்துப்படி. ஆனாலும் 'ண'வில் முடிந்தால் 'ந'வில் பாடலாமா என்று தினமும் சண்டை. நடுவர் அக்காதான். "ஏண்டி, நான் சொன்னாச் சொன்னதுதான்" என்பாள், தான் தோற்கும்போது மட்டும். ஒவ்வொருவரையும் இணைக்கும்போது காலர் ட்யூனாக வந்த அந்த இருமலையும் கொரோனா அறிவுரையையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

ஒருநாள் அக்காவின் எண் கிடைக்கவில்லை. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டால், ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள். வேலிடிட்டி முடிந்திருக்கிறது, ரீசார்ஜ் கடை பூட்டிக் கிடக்கிறது. தங்கை மகன் ஆன்லைனில் பணம் கட்டிய பிறகுதான் குரல் கேட்டது. அப்படிக் கட்டுவதற்கு ஆள் இல்லாதவர்கள்?

முன்பெல்லாம் பத்து ரூபாய் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இன்கமிங்கை மட்டும் வைத்து ஓட்டியவர்கள் உண்டு. 2018 கடைசியில் முக்கிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. போடாவிட்டால் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். ஊரடங்கு தொடங்கியதும் 2020 மார்ச் கடைசியில், வேலிடிட்டியை நீட்டச் சொல்லித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கேட்டுக்கொண்டது. நிறுவனங்களும் ஏழை வாடிக்கையாளர்களுக்கு வேலிடிட்டியைச் சில வாரம் நீட்டின. சில நிறுவனங்கள் பத்து ரூபாய் டாக்டைமும் தந்தன. 2021-இல் இரண்டாவது அலையின்போதும் இலவச நிமிடங்கள் வந்தன. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் யார் ஏழை, எத்தனை நாள் என்பதையெல்லாம் நிறுவனமே அல்லவா முடிவு செய்தது?

டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது 2024 டிசம்பரில். தாமதமானாலும் வரவேற்கிறேன். ஆனால் கடையே பூட்டியிருக்கும் நாளுக்கு அது உதவாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ஐக் காட்டித்தான் நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். இனி அப்படிச் சொல்லும்போது அதே கையோடு, ஊரடங்கு நீங்கும்வரை எந்த எண்ணுக்கும் இன்கமிங்கை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். யாரும் மனுப் போட வேண்டியதில்லை, சலுகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கு நஷ்டம் என்பார்கள். கூப்பிடுகிற நான்தான் என் போனுக்குக் காசு கட்டிவிட்டுக் கூப்பிடுகிறேனே, அது எந்தக் கணக்கில் போகிறதாம்?