எடையும் இடைவெளியும்

பழைய மாணவரின் பொருளுதவியால் பாடசாலைகளிற் புதிய கட்டடங்கள் எழுகின்றன, ஆய்வுகூடங்கள் அமைகின்றன. அவற்றைக் கண்டு மகிழ்வோர் பலர். அங்கே நடைபாதையின் மேலே, கூரையையொட்டிச் செல்லும் மின்வடத் தட்டை அண்ணாந்து நோக்குவோர் மிகச் சிலரே. உருக்குத் தகட்டைத் துளையிட்டு, இருபுறமும் விளிம்பு மடித்து, தாங்கிகளின்மேல் நீளக் கிடத்தி, அதன்மீது மின்வடங்களைப் பரப்புவர். கடைக்காரர் ‘கேபிள் ட்றே’ என்பது இதனையே. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதனோடு என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். அதற்கு விடை கூறுமுன் எமது பிழையொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையின் கட்டடக் குழுவிற்கு எழுத்துவேலை செய்து கொடுக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. ஆங்கிலத்திலிருந்த இரண்டு விலைமனுக்களைத் தமிழிற் சுருக்கித் தந்தோம். ஒன்று, தன் தட்டு மீற்றர் ஒன்றுக்கு 25 கிலோகிராம் தாங்கும் என்றது. மற்றொன்று 60 கிலோகிராம் தாங்கும் என்றது. 60 தாங்குவதே விலையிலும் மலிவு. ஆனால் 25 என்னும் எண்ணின்கீழ் ‘தாங்கிகளின் இடைவெளி 3 மீற்றர்’ என்றும், 60 என்னும் எண்ணின்கீழ் ‘1.5 மீற்றர்’ என்றும் சிற்றெழுத்திற் குறித்திருந்தனர். அதனை நுட்ப விவரமெனக் கருதி நாம் விட்டுவிட்டோம். குழுவினர் எமது சுருக்கத்தையே நம்பி மலிவானதைத் தெரிந்தனர். அந்நடைபாதையின் உத்திரங்களோ 3 மீற்றருக்கு ஒன்றாக இருந்தன. வேலையாட்கள் அவற்றிலேயே தாங்கிகளைப் பூட்டினர். சில மாதங்களில் ஒவ்வோர் உத்திரத்திற்கும் அடுத்ததற்கும் நடுவே தட்டுத் தோரணம்போலத் தொய்ந்தது. கீழே நாள்தோறும் பிள்ளைகள் நடக்கும் வழி அது. எவருக்கும் தீங்கு நேருமுன் இடையிடையே புதிய தாங்கிகள் அமைத்தனர். மலிவிற் சேமித்த பணமும் அதற்குமேலும் செலவாயின. பிழை வேலையாட்களுடையதன்று, எமது பேனாவினுடையதே.

அச்சிற்றெழுத்தின் பொருளைப் பின்னரே கற்றோம். இரு தாங்கிகளுக்கிடையே கிடக்கும் தட்டு ஒரு சிறு பாலம் போன்றது. மீற்றருக்குரிய சுமை மாறாதிருக்க, இடைவெளியை மட்டும் இரட்டித்தால், தட்டை நடுவில் வளைக்கும் தாக்கம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. தொய்வோ பதினாறு மடங்காகின்றது. ஆகவே 1.5 மீற்றரில் 60 கிலோகிராம் தாங்கும் தட்டு 3 மீற்றரில் 30 கிலோகிராம் தாங்குமென்று எண்ணுதல் தவறு. எளிய பாலமாகக் கொண்டு கணித்தால், வலிமையே எல்லையாக இருப்பின் அது 15 கிலோகிராமுக்கு மேற்படாது. தொய்வே எல்லையாயின், தொய்வு இடைவெளியின் நூறிலொரு பங்கைத் தாண்டலாகாது எனும் விதிப்படி, 7.5 கிலோகிராமே எஞ்சும். 60 என்ற எண் பொய்யன்று. தன் நிபந்தனையோடு சேர்ந்தே அது மெய்யாகும். எழுவாயை நீக்கிப் பயனிலையை மட்டும் எழுதுதல் போன்றதே நாம் செய்தது.

உலக நியமங்களும் இதனையே வற்புறுத்துகின்றன. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 61537ஆம் இலக்க நியமம், பாதுகாப்பான வேலைச் சுமையை இடைவெளியோடு சேர்த்தே கூறச் செய்கின்றது. அச்சுமையில் நீளவாட்டுத் தொய்வு நூறிலொன்றைத் தாண்டலாகாது, அதன் 1.7 மடங்கு சுமையிலும் தட்டு இற்று விழலாகாது. அமெரிக்க நேமா நியமமோ வகுப்பின் பெயரிலேயே இரண்டையும் இணைத்து வைத்துள்ளது. 12பி எனின் 12 அடி இடைவெளியில் அடிக்கு 75 இறாத்தல் என்பது பொருள். ஆயின் அங்குப் பாதுகாப்பு மடங்கு 1.5 ஆகும். ஆதலின் ஒரு நியமத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு அப்படியே ஒப்பிடலாகாது. இம்மடங்குகளை மேலதிகமாக ஏற்றுதற்குரிய இடமென்று கொள்ளுதலும் தகாது. அவை எதிர்பாராக் குறைகளுக்கென வைத்த காப்பு.

இனி, ஏற்றும் சுமையையும் அறிதல் வேண்டும். 70 சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புள்ள நான்கு செப்புக் கம்பிகள் கொண்ட வடமொன்றில், செம்பின் எடை மட்டும் மீற்றருக்கு ஏறத்தாழ 2.5 கிலோகிராம், 240 சதுர மில்லிமீற்றராயின் 8.6 கிலோகிராம். உறையும் கவசமும் இதற்கு மேல். நாளை வரும் வடங்களுக்கும் நாலிலொரு பங்கேனும் இடமும் எடையும் ஒதுக்கி வைத்தல் நன்று. தட்டின் மூட்டுக்கள் இடைவெளியின் நடுவில் வராமல், தாங்கியிலிருந்து அதன் நாலிலொரு பங்கு தூரமளவில் அமைதல் நலம். பழுதுபார்ப்போர் தட்டின்மேல் ஏறி நிற்றல் ஒருபோதும் ஆகாது. மின்வடத்திற்காக வகுத்த கணக்கில் மனிதனின் எடை இல்லை.

“இது பொறியியலாளரின் வேலை, நமக்கேன்?” என்பர் சிலர். கணித்தல் அவர் வேலையே, மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுப்போரும் கையொப்பமிடுவோரும் நாமே. எத்தனை மீற்றர் இடைவெளியில் என்று கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. “எதற்கும் மிகக் கனத்ததையே வாங்கிவிடுவோம்” என்பர் வேறு சிலர். அது பிறர் தந்த பணத்தை வீணே உருக்காக்கித் தொங்கவிடுதலாகும். மேற்றளத்தில் விரும்பிய இடத்திற் துளையிடக் கூடுமாயின், மெல்லிய தட்டும் நெருங்கிய தாங்கிகளும் போதும். உத்திரங்களிலன்றிப் பூட்ட இயலாதாயின் வலிய தட்டே வேண்டும். தட்டு, தாங்கி, கூலி மூன்றையும் கூட்டிப் பார்த்தே எது மலிவென முடிவு செய்தல் முறை.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அதன்கண் 475ஆம் குறள், மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றிப் பேசுகின்றது. சுமை மென்மையானதா என்பதன்று அங்கு வினா. அளவு கடந்ததா என்பதே. அதனை எத்தனையோ வகுப்புக்களுக்கு விளக்கிய நாம், எம் கையிலிருந்த தாளில் அச்சின் வலியைக் கூறிய வரியை விட்டுவிட்டோம். கற்றது வேறு, செய்தது வேறு என்னும் வெட்கம் இன்றும் எம்மைவிட்டு நீங்கவில்லை.

இன்றைய மாணவர் நாளைய கட்டடக் குழுக்களில் அமர்வர். பழைய மாணவரோ இன்றே அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: எவ்வளவு எடை, எத்தனை மீற்றர் இடைவெளியில், எந்த நியமப்படி என்னும் மூன்றுக்கும் விடையை உற்பத்தியாளரின் சோதனை அட்டவணையிலிருந்து பெற்று, அவற்றைக் கூட்டக் குறிப்பிற் பதிந்த பின்னரே கையொப்பமிடுக. அக்குறிப்பை எழுதுவோன் தமிழாசிரியனாயின், சிற்றெழுத்தையும் விடாது எழுதுவானாக.