கொத்தனார் வீட்டுப் பிள்ளை ‘பிளான்’ போடக் கூடாதா?

அடுக்குமாடி எழும்புகிறது. சாரத்தின்மேல் நிற்பவர் நம்மவர். கல் சுமக்கும் சித்தாள் நம் சகோதரி. சிமெண்டுத் தூசியை மூச்சோடு சேர்த்து விழுங்குகிறவர்களும் நம்மவர்களே! வாசலில் பெயர்ப்பலகை ஒன்று நிற்கிறது. முதலாளியின் பெயர் உண்டு. ஒப்பந்தக்காரர் பெயர் உண்டு. ஆர்க்கிடெக்ட் பெயர் உண்டு. அந்த மூன்றாவது பெயரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

முதல் இரண்டு பெயருக்கும் மூலதனம் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டியது படிப்பு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொண்டவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் சாரத்தில் நின்ற மேஸ்திரிக்கு எந்தச் சுவர் எங்கே விரிசல் விடும் என்று கண்ணாலேயே சொல்லத் தெரியும். ஆனாலும் அந்தப் பெயரை அவர் போட்டுக்கொண்டால் சட்டம் பிடிக்கும். சட்டத்தை நாம் குறை கூறவில்லை. மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்குத் தகுதியுள்ளவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது நியாயமே. அந்தத் தகுதியைத் தேடிப் போகும் பாதையில் எத்தனை சுங்கச் சாவடிகள் என்பதுதான் நம் கேள்வி.

பி.ஏ. படிப்பு மூன்று வருஷம். பொறியியல் நான்கு வருஷம். பி.ஆர்க். ஐந்து வருஷம், பத்து செமஸ்டர்! கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு ஐந்தாவது வருஷம் என்பது இன்னொரு வருஷக் கட்டணம் மட்டுமல்ல. வீட்டுக்கு வரவேண்டிய ஒரு வருஷச் சம்பாத்தியமும் போகிறது.

முதல் சாவடி நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருந்தால் மட்டும் போதாது. கட்டடக்கலை மன்றம் நடத்தும் ‘நாட்டா’ தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் தர வரிசை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? மொத்தம் 400. பள்ளி மதிப்பெண்ணுக்கு 200, நாட்டாவுக்கு 200. பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பும் மூன்று மணி நேரத் தேர்வும் தராசில் சமம்! 2025இல் இந்தத் தேர்வை ஒரு தடவை எழுதப் பொதுப் பிரிவு மாணவனுக்குக் கட்டணம் 1,750 ரூபாய். ‘மூன்று தடவை எழுதலாம், சிறந்ததை எடுத்துக்கொள்வோம்’ என்றார்கள். தாராளம்தான்! மூன்று தடவை எழுத 5,250 ரூபாய். பணமுள்ளவன் மூன்று தடவை எழுதுவான். இல்லாதவன் ஒரே தடவையில் விதியை முடித்துக்கொள்வான்.

அந்த 200இல் 80 மதிப்பெண் வரைவதற்கு. யார் சொல்லிக்கொடுத்தார்கள் வரைய? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னை வீதியில் உட்கார்ந்த காட்சியை நாடறியும். ஓவிய ஆசிரியரைத் தெருவில் உட்கார வைத்துவிட்டு, ஓவியத்துக்கு 80 மதிப்பெண் என்றால் யாருக்கு லாபம்? பயிற்சி நிலையத்துக்கு லாபம். பணம் கட்டி அங்கே போகிற பிள்ளைக்கு லாபம்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழ் உள்பட 13 மொழிகளில் நடத்துகிறார்கள். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பி.ஆர்க். சேர அதன் இரண்டாம் தாள்தான் வழி. அங்கே முடிகிற காரியம் நாட்டாவில் ஏன் முடியவில்லை? 2025இல்கூட அது ஆங்கிலத்தையும் இந்தியையுமே நம்பி நின்றது. கோட்டுக்கும் கோணத்துக்கும் மொழி கிடையாதே! கேள்வியைப் புரிந்துகொள்வதற்குத்தானே மொழி வேண்டும்?

சலுகைகள் இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. மறைப்பானேன்? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் என்று 2021இல் சட்டம் வந்தது. அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றைச் சர்க்காரே ஏற்கும் என்று அதே வருஷம் செப்டம்பரில் அறிவித்தார்கள். போராடிப் பெற வேண்டிய உதவி இது, வந்ததை வரவேற்கிறோம். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதுவும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், உதவித்தொகை உண்டு.

தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இங்கே இருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியே சேருகிறவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது போச்சு! கலந்தாய்வு தொடங்கும் முன்பே கல்லூரியின் தரகர் வீட்டு வாசலில் நிற்பான். ‘இடம் தீர்ந்துவிடும், இன்றே முன்பணம் கட்டுங்கள், அசல் சான்றிதழைக் கொடுங்கள்’ என்பான். விவரம் தெரியாத தகப்பன் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிவிடுவார். பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைக்கும். சான்றிதழ் கையில் இராது. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் மாணவனுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. இது எத்தனை தகப்பன்மார்களுக்குத் தெரியும்?

கல்விக் கட்டணம் தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு செலவு தீர்ந்ததா? இந்தப் படிப்பின் ரகசியமே இங்கேதான் இருக்கிறது. பொறியியல் மாணவன் நூலகப் புத்தகத்தை வைத்துப் படித்துவிடலாம். கட்டடக்கலை மாணவன் காகிதத்தையும் அட்டையையும் தின்றுதான் வளர வேண்டும்! வரைபலகை, டி-ஸ்கொயர், பேனா வகைகள், பெரிய பெரிய ஷீட்டுகள். மாடல் செய்ய அட்டை, தெர்மாகோல், மரத்துண்டு, பசை. இரவெல்லாம் செய்த மாடலை ஆசிரியர் பார்த்து ‘சரியில்லை’ என்றால் மறுபடியும் புது அட்டை. மேல் வகுப்புக்குப் போனால் படம் காட்டும் வேகம் உள்ள லேப்டாப். அதில் போட்ட படத்தைப் பெரிய தாளில் அச்செடுக்கத் தனிக் காசு. வெளியூர்க் கட்டடங்களைப் பார்த்துவரச் சுற்றுலா. பிறகு அலுவலகப் பயிற்சி. சில அலுவலகங்களில் கைச்செலவுக்கும் போதாத உதவித்தொகை. இவற்றில் எதுவும் ‘கல்விக் கட்டணம்’ என்ற தலைப்பில் வராது. ஆகவே சலுகையிலும் வராது!

பேங்க்கில் கடன் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். நான்கு லட்சம் வரை ஜாமீன் சொத்துக் கேட்கக் கூடாது என்பது விதி. கணக்குப் பார்ப்போம். வருஷம் 80,000 வீதம் ஐந்து வருஷத்தில் நான்கு லட்சம். நூற்றுக்குப் பத்து தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருஷப் பணத்துக்கு 48,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 32,000, 24,000, 16,000. ஆக, முதல் தவணை கட்டுவதற்கு முன்பே வட்டி 1,60,000! குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அதற்கு வருமானச் சான்றோடு பேங்க்கில் தனியே கேட்க வேண்டும். கேட்கத் தெரியாதவன் தலையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விடிகிறது.

பணத்துக்கு எங்கே போவது என்று சர்க்கார் கேட்குமானால், நாம் இடத்தைக் காட்டுகிறோம். கட்டடத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வசூலிக்க 1996இல் சட்டம் செய்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தீர்வை தொடர்கிறது. அது நம் வியர்வைப் பணம். நாட்டில் அது போன வழி என்ன? அதில் லேப்டாப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி 2017இல் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டு, நீதிபதிகளே திகைத்தார்கள். லேப்டாப் வாங்கினார்களாம்! வாங்கட்டும், கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கட்டுமே!

தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. தொழிற்படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவியும் தருகிறது. ஆனால் வருஷத்துக்குச் சில ஆயிரம் அட்டைக்கும் அச்சுக்கும் பற்றுமா? கட்டடக்கலையில் சேரும் உறுப்பினர் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வுக் கட்டணம், வரைகருவி, லேப்டாப், மாடல் செலவு ஆகிய நான்கையும் வாரியமே ஏற்க வேண்டும். கட்டடப் பணத்தைக் கட்டடப் படிப்புக்குத்தானே கேட்கிறோம்?

வாரியம் இரங்கும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிளைக்கு உட்பட்ட பகுதியில் பிளஸ் டூவில் கணிதம் படிக்கும் பிள்ளைகளின் பெயரைத் தோழர்கள் ஜனவரிக்குள் எழுதி எடுக்க வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் அப்போதே விண்ணப்பிக்க வேண்டும். வாரிய அட்டை காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சங்கக் கட்டடத்தைத் திறந்து வைத்து, ஊரில் இருக்கும் ஓவிய ஆசிரியர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளை உட்கார வைக்கலாம். பென்சிலும் தாளும் கிளையின் செலவு.