சாளரம் மூடிய பின்னும் வரையும் நிரல்

மண்டூர்க் கந்தசுவாமி ஆலயத்தில், கதிர்காமத்தைப் போலவே, பூசை திரைக்குப் பின்னால் நடைபெறும். கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்வார். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அடியாருக்குக் குறையில்லை. கணினி நிரலுக்கு அந்த நம்பிக்கையை நாம் வழங்கலாகாது என்பதே என் கருத்து.

மண்டூரில் ஒருவர் மாரிகாலத்தில் வாவியின் நீர்மட்டத்தைக் கணினியில் வளர்ந்து செல்லும் வரைபடமாகக் கவனித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டிய வாவி அது. படுவான்கரை வயல்களின் கதி அதில் தங்கியுள்ளது. யாரோ தவறுதலாக வரைபடச் சாளரத்தை மூடிவிடுகிறார்கள். நிரலோ ஓடிக்கொண்டேயிருக்கிறது.

பைதன் மொழிக்கென ஜோன் ஹண்டர் உருவாக்கி 2003இல் வெளியான மாட்பிளாட்லிப்பில், சாளரம் மூடப்பட்டாலும் நிரல் பிடித்து வைத்திருக்கும் படம் நினைவகத்தில் இருக்கும். அதில் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. 1986இல் தோன்றிய குனூபிளாட்டிலோ, மூடிய சாளரம் அடுத்த வரைதற் கட்டளையுடன் மீண்டும் எழுந்து நிற்கும்.

முன்னாளில் மாவட்ட நிருபர்கள் கொழும்புக்குத் தொலைபேசியிலேயே செய்தியை வாசித்துக் கொடுப்பார்கள். இணைப்பு அறுந்தது தெரியாமல் கடைசிப் பந்திகளைச் சுவருக்கு வாசித்தவர்களும் உண்டு. அனுபவசாலிகள் பந்திக்கொரு தடவை "கேட்குதா?" என்று வினவிக்கொள்வார்கள். மாட்பிளாட்லிப்பில் அந்த வினாவுக்குரிய கட்டளை ‘ஃபிக்நம் எக்ஸிஸ்ட்ஸ்’. படத்தின் இலக்கத்தைக் கொடுத்தால், அது இன்னும் திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும்.

இரண்டாவது வழி, மூடப்படும் கணத்திலேயே செய்தி வந்து சேருமாறு செய்வது. ‘குளோஸ் இவென்ட்’ என்னும் நிகழ்வுடன் நமது கட்டளையொன்றைப் பிணைத்துவிட்டால் போதும். குனூபிளாட்டில் ‘போஸ் மவுஸ் குளோஸ்’ என்றால், சாளரம் மூடப்படும்வரை நிரல் காத்திருக்கும். ஆனால் ஒன்று: நிரல் நீண்ட கணக்கொன்றில் மூழ்கியிருந்தால் அறிவிப்பு வாசலிலேயே காத்துக் கிடக்கும். இடையிடையே சற்று நின்று செவிகொடுக்கவும் நிரலைப் பழக்க வேண்டும்.

அறிந்துகொண்ட பின் என்ன செய்வது என்பதே முக்கியம். சாளரத்தை மூடியவர் போதும் என்று நினைத்திருக்கலாம், கைதவறியும் இருக்கலாம். அவரைக் கேளாமல் மீண்டும் திறப்பது அடாவடி. ஒன்றும் நடவாததுபோல் வரைந்துகொண்டிருப்பது ஏமாற்று. வரைவதை நிறுத்தி, அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்து, ‘சாளரம் மூடப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரியில் அறிவிப்பதே நேர்மை.

நிரல் எழுதும் இளைஞர்கள் அந்த ஒரு வரியை வீண் வேலையென்று விட்டுவிடுகிறார்கள். திரைக்குப் பின்னால் மௌனமாய் இயங்குவது முருகன் சந்நிதிக்குத் தகும். நீர்மட்டம் காட்டும் கருவிக்குத் தகாது.